ஜன்னலில் நீலக் குழாய்

தேசூரில் தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் புறப்படுமுன், எண்பத்திரண்டாம் வருஷத்துப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அபிதகுசாம்பாள் எழுதினாள். கணவர் ஜெகநாதன் காலையிலேயே பட்டுக்கடைக்குப் போயிருந்தார்.

"குழம்பு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிகினு சாப்பிடுங்க. வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு கற்பகத்துகிட்ட குடுங்க. கால் புண்ணு சுத்தமா ஆறிப்போச்சு. தறியில அறுந்த இழைய இப்போ நானே முடிச்சு போடறேன், கண்ணு நல்லா தெரியுது."

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். இதை நேரில் சொல்ல வாய்க்கவில்லை. சர்க்கரை நோய்க்காக அவள் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு காய்ச்சிப் பார்க்கும்போது, சர்க்கரை ஏறிச் செங்கல் நிறம் காட்டிய நாட்களில், அவர் தினமும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அரக்குச் சேலையாட்டம் கீதேடி, இன்னா தின்னே?" என்று கத்துவார். அந்த வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டதே அந்தச் சண்டையில்தான். சர்க்கரை இறங்கி, மருந்து நீலமாகவே நிற்கத் தொடங்கியதும் அவர் குழாய்ப் பக்கம் வருவதில்லை. வீடு அமைதியாகிவிட்டது.

தாளில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"இன்னிக்கும் நீலம்தாங்க. குழாய கழுவாம ஜன்னல்ல வெச்சிருக்கேன். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் சேலைக் கலர் சொல்றீங்க. இது ஆனந்தா நீலமா, மயில் கழுத்தான்னு பாத்து வையுங்க. நான் வந்ததும் சொல்லுங்க."