என் பெயரில் ஒரு வேட்டை அனுமதி

ஜனவரி 12, 2025, ஞாயிறு

பூசை முடிந்து கொட்டாஞ்சேனையிலிருந்து நேரே மாளிகாவத்தைக்குப் போனேன். ஹபீஸ் வாசலிலேயே காத்து நின்றான். பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும், அவன் எதற்கும் காத்து நிற்பவனல்ல. எழுபத்திரண்டு வயதில் மான் வேட்டைக்குப் போகப் போகிறானாம். நியூசிலாந்துக்கு! மகன் ஸமீம் அங்கே பொறியியலாளன். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறான், விடுமுறைக்கு மலை ஏறுகிறவன். “வாப்பா, பெருநாள் முடிய வாங்க, ஒண்டா மலைக்குப் போவம்” என்று கூப்பிட்டிருக்கிறான். தகப்பனும் மகனும் கனகாலமாகத் தொலைபேசியில் காலநிலையைத் தவிர வேறெதுவும் கதைத்ததில்லை. அதனால்தான் ஹபீஸுக்கு இந்த அவசரம்.

“இந்த வருஷம் போகாட்டி இனிப் போக மாட்டன் மச்சான். பேப்பர் வேலையெல்லாம் ஒன்ட தலையில.”

இரும்புக்கடை நடத்தியவனுக்கு விண்ணப்பப் படிவம் என்றால் காய்ச்சல் வரும். நானோ கொழும்புக் கோட்டையில் கப்பல் சரக்குக் காப்புறுதி எழுதியே கிழவனானவன். ஓம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே பயம் பிடித்துக்கொண்டது. சரக்குக்கு எழுதியிருக்கிறேன். வேட்டைக்காரனுக்கு எழுதியதில்லையே.

ஜனவரி 16, வியாழன்

நாள் முழுக்கக் கணினி. வெளிநாட்டவன் அங்கே துப்பாக்கி தூக்க வேண்டுமானால் சொந்த நாட்டு லைசென்ஸ் கேட்பார்களோ என்று பயந்தேன். ஹபீஸிடம் இருப்பது கடை லைசென்ஸ் மட்டும். பிறகு வாசித்தேன்: லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் போதுமாம். ஸமீம் நிற்பான். எழுந்து தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். தனியே சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

அந்த நாட்டுக் காட்டுக்கு மான் வெளியாள். வெள்ளைக்காரன் கொண்டுபோய் விட்டது. இப்போது காட்டையே தின்கிறதாம். அதனால் சுடுகிறவனை அரசாங்கம் வரவேற்கிறது. இதைச் சொன்னதும் ஹபீஸ், “அப்ப நான் போறது சமூக சேவைக்கு” என்றான்.

ஜனவரி 17, வெள்ளி

பெரிய பிழை விட்டுவிட்டேன்.

எந்த விண்ணப்பத்தையும் மற்றவனுக்காக நிரப்ப முன் என் பெயரில் ஒருமுறை நிரப்பிப் பார்ப்பது என் பழக்கம். ஒவ்வொரு கட்டமும் என்ன கேட்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவனுடையதைத் தொடுவேன். வேலை செய்த கந்தோரில் அதைப் பென்சிலால் எழுதிக் கிழித்துப் போடுவேன். அரசாங்கக் காட்டில் வேட்டையாடும் அனுமதிக்கும் இன்றைக்கு அப்படியே செய்தேன். பெயர், விலாசம், எந்தக் காடு, எந்த மிருகம். கடைசிப் பொத்தானை அமத்தினால் ஓர் அதிகாரி வருவார், கட்டணம் வரும், எப்படியும் ஓரிடத்தில் நிற்கும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை. அடுத்த நிமிடமே மின்னஞ்சல் வந்தது. மே பதினாறு வரை நான் அங்கே மான் சுடலாம். நான்! கரப்பானைக் கண்டால் கதிரையில் ஏறுகிறவன்.

ரத்துச் செய்யச் சொல்லி எழுதலாம். என்னவென்று எழுதுவது? பரீட்சை பார்த்தேன் என்றா? ஹபீஸின் பெயரில் இன்னொன்று எடுத்தாயிற்று. என்னுடையதைப் பற்றி அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சாகும்வரை சொல்லிச் சிரிப்பான்.

பெப்ரவரி 2, ஞாயிறு

காப்புறுதிக் கேள்விக்கொத்தோடு ஹபீஸ் வீட்டுக்குப் போனேன். வேட்டை என்பதால் பிரீமியம் கூடுதல். அது பிரச்சினையில்லை. பிரச்சினை இதயம் பற்றிய கேள்வியில் வந்தது. முந்தின வருடம் ஹபீஸுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

“அத எழுதாத மச்சான்.”

“எழுதத்தான் வேணும்.”

“எழுதினாத் தர மாட்டானுவள். நான் இப்ப படி ஏறுறன், எறங்குறன். ஒரு வருத்தமும் இல்ல. ஒனக்கு என்ன?”

கேட்ட கேள்விக்கு மறைத்து எழுதினால் காப்புறுதி வெறும் தாள், ஏதும் நடந்தால் ஸமீம்தான் ஆஸ்பத்திரிச் செலவோடு நிற்பான் என்றேன். ஹபீஸ் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றான். “நீ கலியாணம் முடிக்காததும் இதாலதான். பொண்ணு பாக்கப் போன எடத்திலயும் ஒண்டு விடாம எல்லாத்தையும் செல்லியிருப்ப.”

அது உண்மை. ஆனாலும் வலித்தது.

பெப்ரவரி 3

‘ஆம்’ என்று எழுதி ஒப்படைத்தேன். ஹபீஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “சரி” என்றான். வைத்துவிட்டான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மாளிகாவத்தைக்குப் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. நான் செய்தது சரிதானா? சரிதான். சரியானதைச் செய்துவிட்டு ஏன் இப்படிச் சோறு இறங்காமல் இருக்கிறேன்? அவனுடைய பயணத்தை நானே கெடுத்துவிட்டேனோ?

பெப்ரவரி 13, வியாழன்

காப்புறுதி நிறுவனத்திலிருந்து லவினா என்ற பிள்ளை தொலைபேசி எடுத்தது. “அங்கிள், ஹார்ட் விஷயத்தையும் கவர் பண்ணுவம். ஒரு கண்டிஷன். டொக்டர் கடிதம் வேணும்.” மேலும் சொன்னது: “ஒளிக்காமப் போட்டது நல்லது அங்கிள். பிறகு தெரிய வந்திருந்தா ஒண்டும் செய்யேலாது.”

தொலைபேசியை வைத்துவிட்டு, நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லாமல் திரும்ப எடுத்து நன்றி சொன்னேன்.

மார்ச் 2, ஞாயிறு

ரமழானின் தலை நோன்பு. ஸீனத் கஞ்சி குடிக்க வரச் சொல்லியிருந்தாள். ஹபீஸின் மனைவி. கணவனும் நானும் முகம் பாராமல் இருப்பது அவளுக்குச் சரிவரவில்லை போலும். டொக்டரின் கடிதத்தை மேசையில் வைத்தாள். ஹபீஸ் போகலாம், மெதுவாக ஏறலாம். ஆனால் மருந்து பார்த்துக் கொடுக்க ஒருவர் விமானத்திலும் மலையிலும் கூடவே இருக்க வேண்டும். ஸமீமின் கண் துப்பாக்கியில் இருக்குமாதலால் வேறொருவர்.

“என்ட முழங்காலுக்கு இந்த வீட்டுப் படியே ஏலாது. நீங்க போங்க சிறில் நானா.” அண்ணன் முறை வைத்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

கடவுச்சீட்டு இல்லை என்றேன். எடுக்கலாம் என்றாள். குளிர் ஒத்துவராது என்றேன். ஸமீமிடம் ஜக்கெட் இருக்கிறதாம்.

“அவன விடுங்க ஸீனத்” என்றான் ஹபீஸ். “அவன் வரமாட்டான். வேட்டைக்காட்டுக்குள்ள போக அவனுக்கும் பேர்மிட் வேணும் எண்டு இப்ப ஒரு சட்டம் செல்லுவான் பாருங்க.”

அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். இந்த மேசையில் வைத்துத்தானே அவனுக்கு மறைக்காதே என்று பாடம் எடுத்தேன்? அதே மேசை. அதே கதிரை.

“பேர்மிட் இருக்கு” என்றேன்.

நடந்ததைச் சொல்லி முடிக்கவில்லை, ஹபீஸ் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தமும் வந்தது. ஸீனத் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “எனக்கு முந்தி இவன் எடுத்திருக்கான்! ஒளிச்சு வெச்சிருந்திருக்கான்! ஸ்டென்ட்ட எழுது எண்டு என்ன வதைச்சவன்!”

நானும் சிரித்தேன். சமோசா இன்னும் இரண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 11

பத்தரமுல்லை, கடவுச்சீட்டுக் கந்தோர். வரிசையில் முன்னால் நின்ற சிங்கள மனிதர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். “தடயமே” என்றேன். வேட்டைக்கு. என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பின்னால் நின்றவருக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். உள்ளே போகும்வரை எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டோம். விமானம் எழும்போது ஹபீஸின் கையைப் பிடித்திருந்தேன். “நோயாளி நான்” என்றான். விமான நிலையத்தில் கொண்டுவந்தவற்றை அறிவிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் அறிவித்தேன்: ஸீனத்தின் மிளகாய்த்தூள், மாசிக் கருவாடு, மண்ணே படாத என் புதுச் சப்பாத்து, செபமாலை மணிகள் மரத்தால் ஆனவை என்பதையும். மாசியைத் தவிர எல்லாவற்றையும் தந்தார்கள். வெளியே ஸமீம் நெடுநேரம் நின்றிருக்கிறான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மலை. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து, மிதித்தால் நொறுங்குகிறது. எங்கோ ஒரு கலைமான் கத்தியது. துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைப் போன்ற ஒரு சத்தம். எனக்கு ஊர் ஞாபகம் வரவில்லை, மாறாக இங்கே நிற்பது பிடித்திருந்தது.

ஹபீஸுக்குக் கை விறைத்துவிட்டது. “இந்தா, பேர்மிட்காரா, நீ பிடி.” ஸமீம் என் தோளோடு தோளாகப் படுத்தான். குழலின் கண்ணாடிக்குள் மான் வந்தது. காது அசைந்தது. துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இலக்கு சந்தேகமில்லாமல் மான்தானா? ஓம். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மண்மேடு. மேட்டுக்குப் பின்னால்? அதை யோசித்துக்கொண்டிருக்கும்போது மான் போய்விட்டது.

“என்ன அங்கிள் நடந்த?” என்றான் ஸமீம்.

“ஐந்தாவது விதியில நிக்கிறன் மகன்.”

ஹபீஸ் புல்லிலேயே உருண்டான். மாத்திரை எடுக்கட்டா என்று கேட்டேன். இன்னும் கூடச் சிரித்தான்.

ஏப்ரல் 19, சனி

ஹபீஸ் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டான். ஒரே வெடி. தகப்பனும் மகனும் ஓடிப்போய் அறுத்தார்கள், பிறகு அங்கேயே குனிந்து உரித்துக்கொண்டே கதைத்தார்கள், கதைத்தார்கள். காலநிலை பற்றி ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. நான் மாத்திரைப் பெட்டியோடு தள்ளி நின்றேன்.

ஏப்ரல் 20

உயிர்த்த ஞாயிறு. பூசை. மான் ஈரல், ஸீனத்தின் தூள் போட்டு. மூன்று பிடி சோறு கூட.

மே 15, வியாழன்

நாளையோடு என் அனுமதி முடிகிறது. கொழும்புக்கு விமானம் அடுத்த வாரம்தான். ஸமீம் சனிக்கிழமை திரும்பவும் மலைக்குப் போகிறான். ஹபீஸுக்கு இனி மலை போதுமாம், பேரப்பிள்ளையோடு வீட்டில் நிற்கப் போகிறானாம்.

“அப்ப நீ யாரோட போற மகன்?” என்று ஸமீமிடம் கேட்டான், என்னைப் பார்த்துக்கொண்டு.

நான் கணினியைத் திறந்து என் பெயரை எழுதினேன். விலாசம், எந்தக் காடு, எந்த மிருகம். கடைசிப் பொத்தானில் சற்று நின்றேன்.

இந்த முறை பரீட்சை பார்க்கவில்லை. அமத்தினேன்.