வறுத்த மண்

அன்புள்ள அம்மாவுக்கு, கீர்த்தி எழுதுவது. நான் நலம். புனேயில் மழை விடவில்லை. உத்திரமேரூரில் எப்படி? நைனாவுக்கு முட்டி வலி தேவலையா?

நீ அனுப்பிய வேர்க்கடலை வயல் மண் வந்து சேர்ந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஆராய்ச்சி பழக இளவரசி என்ற கல்லூரி மாணவி இரண்டு மாதத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அந்த மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை அவள் வளர்த்துக் காட்ட வேண்டும். மூன்று முறை செய்தாள். ஒன்றும் வளரவில்லை. "எனக்கு இது வராதுக்கா, ஊருக்கே போறேன்" என்று பெட்டி கட்டினாள். தடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலைதான் நீ போனில் சொன்னாய்: "பெரிய எடத்துக்குப் போவுதேன்னு கல்லு பொறுக்கி, சலிச்சு, பூச்சி வராம ரவையாட்டம் வறுத்து அனுப்பிக்கீறேன்டி."

இளவரசியிடம் சொன்னேன். "அப்படியே உப்புமாவும் கிண்டி அனுப்பியிருக்கலாமேக்கா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பெட்டியைப் பிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் இல்லை. நீ வருத்தப்படாதே. வறுத்தால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்று நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இதனுடன் காலிப் பை வைத்திருக்கிறேன். ஈர மண்ணைக் கடலைச் செடியின் வேரோடு அப்படியே போட்டு, தம்பி ஜெகனிடம் கொடுத்து அன்றே அனுப்பச் சொல். அவளுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

கூரியர் ஆள் வாசலில் நிற்கிறார். ஒன்று மட்டும். மண் எடுக்கும்போது எனக்கு போன் போடு. பேச வேண்டாம். போனை வரப்பில் வைத்தால் போதும், நம் வயல் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொள்கிறேன்.

கீர்த்தி