கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொட்டு

பெரியநாயக்கன்பாளையம்,
12.10.2025

அன்புள்ள பத்மாவுக்கு,

பாலகோபால் எழுதிக்கொள்வது. முதலில் ஒரு மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உடுமலைக்கு வந்து உன் காதில் போடுவதற்குள். நேற்று கோயமுத்தூரில் அரசாங்கம் நடத்திய விமானத் தொழில் முகாமுக்குப் போயிருந்தேன். வாசலில் இரண்டு வரிசை. எதில் மோர் கொடுத்தார்களோ அதில் நின்றுகொண்டேன். அது வேலை தேடி வந்த பிள்ளைகளின் வரிசை.

மேசையில் இருந்த பெண், "பயோடேட்டா கொடுங்க சார்" என்றாள்.

"அதெல்லாம் கொண்டுவரலீங்க அம்மணி."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"ஆறாவதுங்க. முழுப் பரீச்சைக்குப் போகலீங்க."

"முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?"

"சொந்தமா லேத்துப் பட்டறை வெச்சிருக்கேனுங்க."

அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "அப்புறம் எதுக்குங்க இந்த வரிசைல நிக்கறீங்க?"

"மோருக்குங்க" என்றேன். பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். மோரும் தீர்ந்துபோய்விட்டது.

உள்ளே ஒரு அதிகாரி நன்றாகப் பேசினார். மோட்டார் பம்பு செய்த ஊர் இனி டிரோனுக்கும் விமானத்துக்கும் பார்ட்டு செய்ய வேண்டுமாம். பறக்கவிட்டுப் பார்க்கச் சோதனைத் திடல், பிள்ளைகளுக்குப் பயிற்சி, மெஷின் வாங்க மானியம் எல்லாம் வருமாம். நான் பாதியை நம்பினேன். மீதியை நம்புவதற்கு ஆசையாக இருக்கிறது. பம்புக்காரர்கள் பம்புக்குள் போடுகிற புஷ்ஷுக்கான ஆர்டரைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள் என்று உனக்கே தெரியும். இந்த டிரோன் கம்பெனி வேலை கிடைக்கவில்லை என்றால், அடுத்த வருஷம் பட்டறையில் நஞ்சுண்டனுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை.

அந்த ஹர்ஷிணியும் வந்திருந்தாள், போன திங்கட்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து நம் பட்டறையை ஆடிட் பண்ண வந்த பெண்தான். அடுத்த மாதம் இன்னொரு தடவை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் திங்கட்கிழமை நடந்ததை நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிட்டு பஸ் ஏறு. எங்கே பத்மாக்காவைக் காணோம் என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். தேங்காய் வியாபாரத்தில் இறங்கிவிட்டாள், இனிமேல் கையில் பிடிக்க முடியாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போனை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்? வீட்டில் பேசுகிற தெலுங்கை நம் இரண்டு பேருக்கும் எழுதத் தெரியாது. தமிழில் எழுதினால் எனக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது. இப்படியே போனால் உன்னை நீங்க வாங்க என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

மச்சானுக்கு என் வணக்கம்.

உன் ரசத்தை நினைத்துக்கொண்டு,
பாலகோபால்

---

உடுமலைப்பேட்டை,
16.10.2025

அன்புள்ள பாவாவுக்கு,

நலம். அண்ணனும் நலம். போனை எடுத்தால் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். சிரித்துவிட்டால் கோபம் போய்விடும். இந்தத் தடவை அதைப் போகவிட எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நடந்ததை மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஞாபகப்படுத்துகிறேன்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து வைக்கிறேன். வைத்ததைத் துடைக்கக் கூடாது, தானாகத்தான் போக வேண்டும் என்பது உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த வழக்கம். பூஜை முடிந்து அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அளவு பார்க்கிற புதுக் கேஜை எடுத்தாள். அவளுடைய வெள்ளைக் கையுறை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. "இது என்னங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எங்க ஊட்டுக்காரம்மாவுக்கு அசையாம இருக்கறது எதைக் கண்டாலும் பொட்டு வெச்சாகோணுமுங்க. நீங்க கொஞ்ச நேரம் சும்மா நின்னீங்கன்னா உங்களுக்கும் வெச்சுருவா." அந்தப் பெண்ணோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நஞ்சுண்டன் சிரித்தார். மில்லிங் மெஷினில் இருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் காபித் தட்டோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

திட்டியிருந்தால்கூட நான் இருந்திருப்பேன், பாவா. முப்பது வருஷமாக என்னைக் கேலி செய்கிறீர்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பூஜையன்று குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தது யார்? "பெட்டிக்குள்ள இருக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய வெலை, அதுக்குப் பெருசா ஒண்ணு வை" என்று சொன்னது யார்? மேலாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன். பெரிதாக வைக்கச் சொன்னது நீங்கள்.

அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். மோர்க் கதை வேண்டாம்.

பத்மாவதி

---

பெரியநாயக்கன்பாளையம்,
21.10.2025

அன்புள்ள பத்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு வந்துவிடுவாய் என்று நினைத்து லட்டுக்குச் சொல்லியிருந்தேன். இப்போது நானும் நஞ்சுண்டனும் காலை, மதியம், சாயங்காலம் லட்டு சாப்பிடுகிறோம். உனக்கு எடுத்த புடவை பெட்டியோடு அப்படியே இருக்கிறது. பச்சையா நீலமா என்று கடைக்காரரும் நானும் சண்டை போட்டு முடிவில் இரண்டும் கலந்த ஒரு நிறத்தில் எடுத்தோம். அந்த நிறத்துக்குப் பேர் இல்லை.

பட்டறையை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. தரைக்குப் பெயின்ட் அடித்துவிட்டோம். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்து, அதிலேயேதான் திருப்பி மாட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பறக்கிற சாமானுக்குள் ஒரு நட்டு மறந்துபோய்க் கிடந்தாலும் மேலே போன பிறகு இறங்கி வந்து எடுக்க முடியாதாம். அதனால் சாயங்காலம் எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறோம். நஞ்சுண்டன் தன் வெற்றிலைப் பெட்டிக்கும் பலகையில் ஓர் உருவம் வரைந்துவிட்டார். அழிக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்.

நீ இருந்தால் நன்றாக இருக்கும். நீ கேட்டதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

பாலகோபால்

---

உடுமலைப்பேட்டை,
27.10.2025

பாவாவுக்கு,

நேரில் பேசினால் நீங்கள் மடக்கிவிடுவீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. தோப்பில் மட்டை உரிக்கிற களத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, அண்ணனுக்கு அந்தக் கவலை. "நீ இங்கயே இருந்துக்கோ பத்மா, உனக்கும் இதுல பங்கு இருக்குது, யாரு கேக்கப்போறா?" என்று லட்சுமணசாமி அண்ணன் நேற்று சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் வர வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள். அந்தப் பெண் திரும்பி வரும்போது, அன்றைக்கு யார் யார் சிரித்தார்களோ அவர்கள் முன்னாலேயே, அந்தப் பொட்டை யார் வைக்கச் சொன்னது என்று சொல்லுங்கள். கேலி இல்லாமல் சொல்லுங்கள். அதனால் வேலை கைவிட்டுப் போகும் என்று பயமாக இருந்தால் சொல்ல வேண்டாம். நஞ்சுண்டன் குடும்பமும் அதை நம்பித்தான் இருக்கிறது, நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நான் இங்கேயே இருந்துகொள்வேன்.

லட்டு அதிகம் சாப்பிடாதீர்கள். சர்க்கரை மாத்திரை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

பத்மாவதி

---

பெரியநாயக்கன்பாளையம்,
8.11.2025

அன்புள்ள பத்மாவுக்கு,

நேற்று ஹர்ஷிணி வந்தாள். போன தடவை வந்த அதே ஆட்கள்தான் கூட வந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் ஒன்றும் சேர்க்கவில்லை.

தரை, பலகை, கேஜ் எல்லாம் பார்த்தாள். வெற்றிலைப் பெட்டி உருவத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாள். கடைசியில் போன தடவை எழுதிய ரிப்போர்ட்டை எடுத்தாள். கேஜில் குங்குமம் இருந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் "வீட்டார் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தாள். நான் சொன்னதை வைத்துத்தான் எழுதியிருக்கிறாள்.

நான் நஞ்சுண்டனையும் மற்றவர்களையும் கூப்பிட்டேன். மெஷின்களை நிறுத்தச் சொன்னேன்.

"அது தப்புங்க அம்மணி" என்றேன். "எங்க ஊட்டுக்காரம்மா மேலாப்புல தொட்டுட்டுக் கையை எடுத்துட்டாங்க. பெருசா வைன்னு சொன்னது நானுங்க. தட்டைப் புடிச்சுட்டு நின்னதும் நானுங்க. உங்க முன்னாடி அவங்க மேல பழியைப் போட்டுச் சிரிச்சுப்போட்டேன். அதுவும் தப்புங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கேலி நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பத்மா. நல்ல கேலி. முழுங்கிவிட்டேன்.

ஹர்ஷிணி பேனாவை மூடிவிட்டு யோசித்தாள். "அப்ப காரணத்தை 'உரிமையாளர் உத்தரவு'ன்னு மாத்தணுமுங்க. அது பெரிய குறை. வீட்ல ஒருத்தர் தெரியாம செஞ்சாங்கன்னா பயிற்சி கொடுத்தாப் போதும். முதலாளியே சொல்லிச் செஞ்சதுன்னா, இந்தப் பட்டறைக்கே வேலை கொடுக்கலாமான்னு மேல கேப்பாங்க."

"மாத்துங்க" என்றேன். நஞ்சுண்டன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அடுத்த ஆயுத பூஜைக்கு என்ன பண்ணுவீங்க?"

"மெஷினு மேல்பாகத்துல வெப்போமுங்க. அளவு பாக்கறது எதையும் தொட மாட்டோம். மீதி என்னன்னு ஊட்டுக்காரம்மாவைக் கேட்டுத்தானுங்க சொல்லோணும்."

அதையும் எழுதிக்கொண்டாள். இன்று மத்தியானம் போன் வந்தது. பெரிய ஆர்டர் இப்போது இல்லை. அந்தக் குறை ரிப்போர்ட்டில் ஒரு வருஷம் இருக்குமாம். சோதனைக்கு மட்டும் கொஞ்சம் தட்டு செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். டிரோனில் மோட்டார் உட்காருகிற தட்டு. வெள்ளகோவில் பக்கம் ஒரு வெறுங்காட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள், அங்கே வியாழக்கிழமை பறக்க விடுவார்கள். நன்றாகப் பறந்தால் மீதியைப் பேசலாம் என்றார்கள். நஞ்சுண்டன், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

நீ சொன்னதற்காக மட்டும் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அது தெரிந்தது.

நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

பாலகோபால்

---

உடுமலைப்பேட்டை,
12.11.2025

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நஞ்சுண்டன் சம்சாரம் பொன்னாத்தாள் போனில் சொல்லிவிட்டாள். "எங்க ஊட்டுக்காரரு அன்னைக்கு சோறே திங்கலீங்கக்கா. வேலை போயிருச்சுன்னே நெனச்சுப்போட்டாரு. ஆனாலும் மொதலாளி சொன்னது சரிதான்னு சொன்னாருங்க" என்றாள். அவள் சொன்னதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருந்தது. நீங்கள் ஒன்றும் சேர்க்கவில்லை என்று நம்புகிறேன்.

அந்த நல்ல கேலி என்ன என்று நேரில் சொல்லுங்கள். அவர்கள் முன்னால் வேண்டாம், எனக்கு மட்டும்.

நீங்கள் வந்து கூட்டிப்போக வேண்டாம். வேலை நேரத்தில் பட்டறையை விட்டுவிட்டு வர வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு நானே வாரேன். பேர் இல்லாத அந்த நிறத்தையும் பார்க்க வேண்டும்.

உங்கள்
பத்மா

---

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு,
14.11.2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பத்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, கையில்தான் கொடுப்பேன். திட்டுவதற்கு முன்னால் படித்துவிடு.

நேற்று வெள்ளகோவில் காட்டில் டிரோன் பறந்தது. மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு தென்னை மர உயரத்துக்கு மேலே போய், காற்றடித்தும் நகராமல் ஒரே இடத்தில் நின்றது. நம் தட்டு மோட்டாருக்கு அடியில், சட்டத்துக்குள் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கிக் கழற்றிப் பார்த்து, கீறல் இல்லை என்றார்கள். மாசாமாசம் கொஞ்சம் வேலை தருகிறோம் என்று ஹர்ஷிணி சொன்னாள். நஞ்சுண்டன் அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார். எல்லோருக்கும் இன்று லீவு கொடுத்துவிட்டேன்.

உன்னிடமிருந்து பதில் எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. வரலாமா என்று கேட்டதற்கு நீ பேசாமல் இருந்தால், வா என்று அர்த்தம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். காலையில் வீட்டையும் பட்டறையையும் பூட்டிவிட்டு, பூ வாங்கிக்கொண்டு உடுமலைக்கு வந்து சேர்ந்தேன். மச்சான் தோப்பில் இருந்தார். "என்னங்க மாப்ள, அவ மொத பஸ்ஸுக்கே போயாச்சே" என்றார். நான் ஏறி வந்த பஸ்ஸும் நீ ஏறிப் போன பஸ்ஸும் வழியில் எங்கேயோ ஒன்றை ஒன்று தாண்டியிருக்கும். மச்சான் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். டிரோன் வெள்ளை ஈக்கு மருந்தடிக்குமா என்று கேட்டார். அடிக்கும் என்றேன்.

அப்போதுதான் உன் போன் வந்தது. இத்தனை நாள் கழித்து நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை "சாவி எங்கீங்க?" என்பதுதான். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நீ வைத்துவிட்டாய்.

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கிற இன்னொரு சாவியையும், தொலைந்துவிடக் கூடாது என்று இன்றைக்கு நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோயமுத்தூர் போகிற பஸ் பொள்ளாச்சியில் நின்றுவிட்டது. டயர் மாற்றுகிறார்கள். ஜாக்கி கிடைக்கவில்லை என்று கண்டக்டர் தேடப் போயிருக்கிறார்.

இரண்டு சாவியோடும் வாரேன்.

பாலகோபால்