நனைத்து எடுத்த கட்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? உன் முட்டிவலி தேவலையா? எனக்கு இடது கையில் மட்டும் ஒரு கட்டு. வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் துணியோடு சேர்த்து என்னையும் இஸ்திரி போட்டுக்கொண்டேன். பயப்படாதே, ஆறி வருகிறது.

நேற்று ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் நர்சிடம், "சட்டுனு இழுத்துடுங்கம்மா, நான் தாங்குவேன்" என்று பெருமையடித்தேன்.

"இழுத்தா புதுத் தோலும் பிஞ்சு வரும், தழும்பு பெருசாகும். வாயை மூடிட்டு உட்காருங்க அண்ணே" என்று கட்டின்மேல் சலைன் தண்ணீர் ஊற்றி, நன்றாக ஊறவிட்டு எடுத்தார். அதற்கே நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் குழந்தை எட்டிப் பார்த்தது.

பாப்பாவுக்கு ஆறு வயதில் கையில் வெந்நீர் கொட்டியபோது, காய்ந்த கட்டைத் தினமும் வெடுக்கென்று பிடுங்கியவன் நான். அழுதவளை அதட்டவும் செய்தேன். இன்றும் வெயிலில்கூட முழுக்கைச் சட்டைதான் போடுகிறாள். அந்தத் தழும்பில் எவ்வளவு என் கைவண்ணமோ!

தழும்புக்கு அவள் தடவும் க்ரீமின் பெயரை அவளையே எழுதச் சொல். இங்கே கடையில் கேட்டாலே சொல்வார்கள்தான். ஆனால் அவள் எழுத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

"அவருக்கு அப்போ தெரியாதுடி" என்று எனக்காக வக்காலத்து வாங்காதே. மன்னிப்புக் கேட்டு அவளுக்கு ஒரு தாள் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். பிழை திருத்தாமல் அப்படியே கொடு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்