சுமந்ததால் வளைந்த முதுகு அல்ல

திருச்சி ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
9-7-1957

அன்பு மகன் காஜா மைதீனுக்கு, அம்மா ரம்லத் பீவி சொல்ல, தங்கை சம்சுன் நிஹார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் கேட்கிறோம். நாங்களும் நலம் என்று எழுதத்தான் அம்மா முதலில் சொன்னார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். இந்தக் கடிதத்தில் எதையும் மறைக்காமல், அம்மா சொன்னதைச் சொன்னபடியும் நான் பார்த்ததைப் பார்த்தபடியும் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆபரேஷன் செய்து அம்மாவின் முதுகை நிமிர்த்திவிடுங்கள் என்று நீங்கள் எழுதியதால், போன வியாழக்கிழமை அத்தா எங்கள் இருவரையும் அன்னவாசலிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் அறிவியல் புத்தகத்தில் முதுகெலும்பு நேராக இருக்கும். அம்மாவுடையது மேலே வலப்பக்கம் போய், இடுப்புக்கு மேல் இடப்பக்கம் திரும்பி, ஆங்கில எஸ் எழுத்தைப் போல் இருந்தது. எலும்பு வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறதாம், அதனால்தான் வலது விலா முதுகில் மேடாகத் தெரிகிறது, உள்ளே நுரையீரலுக்கு இடம் குறைந்துதான் மூச்சு வாங்குகிறது என்றார். நாற்பத்து மூன்று வயதில் எலும்பு இறுகிவிட்டதால் இனி நிமிர்த்த முடியாதாம். எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடத்துகிற ஆபரேஷன் உண்டு, ஆனால் அம்மாவின் மூச்சு அதைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். இன்னும் சாயாமல் பார்த்துக்கொள்ளத் தோல் வாரும் இரும்புப் பட்டையும் வைத்த ஒரு பெல்ட் தந்திருக்கிறார்கள், காலையும் மாலையும் மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும், தண்ணீர்க்குடம் தூக்கக் கூடாது. தொழுகையில் குனிந்து எழ முடியாமல் அம்மா ரமலானிலிருந்தே உட்கார்ந்துதான் தொழுகிறார்கள், உங்களுக்கு எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பெல்ட்டைப் பார்த்துவிட்டு, கால் ஒடிந்து பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஆவூர் செவந்தியக்கா, "என்னங்க பாய் வீட்டம்மா, ஒங்களையும் வண்டியில பூட்டப் போறாங்களா" என்று கேட்டார்கள். அம்மா சிரித்தார்கள், சிரித்து முடிக்க மூச்சுப் போதவில்லை.

இனி முக்கியமான விஷயம். எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது அத்தாதான் பதில் சொன்னார்கள். "மகனைத் தூக்கித் தூக்கி வந்ததுங்க. அஞ்சு வயசு வரைக்கும் அவனுக்குக் கால் ஊனலை, எந்நேரமும் இவ இடுப்புலதான் கெடப்பான்." டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். பிள்ளையைத் தூக்குவதால் எலும்பு இப்படித் திரும்பாது, இது வளர்கிற வயதில், பன்னிரண்டு பதின்மூன்றில் தொடங்கியது, கல்யாணத்தின்போதே நன்றாகத் தெரிந்திருக்கும் என்றார். அத்தாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அம்மா, "டாக்டரு சொன்னது நெசந்தாங்க. குப்பாயச் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னதை எங்கம்மா அப்பவே கண்டாக. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு என்னைச் செவத்தோட சாத்தி ஒக்கார வச்சு, துப்பட்டியைப் போத்தி விட்டாக" என்று சொன்னார்கள். அத்தா, "எனக்குத் தெரியும் ரம்லத்து. நிக்காஹ் முடிஞ்ச மறு வாரமே தெரியும். கேட்டா நீ அழுவியேன்னு விட்டுட்டேன்" என்றார்கள். இருபத்தேழு வருஷமாக இருவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது அண்ணா. நீங்கள் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று எனக்கு ஆறு வயது, ஆனாலும் நீங்கள் பஸ்ஸில் ஏறும்போது சொன்னது காதில் இருக்கிறது. "என்னாலதானே வளைஞ்சுச்சு, நிமித்துறதுக்கு வழி பண்ணிட்டுத்தான் இந்த ஊர்ல கால் வைப்பேன்." எட்டு வருஷமாகிவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டு நின்ற இரண்டு பேரும் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அம்மா என்னைக் கோபிக்கவில்லை. இதையும் எழுது என்றார்கள்.

இனி வருவது முழுவதும் அம்மாவின் வார்த்தை. "தம்பி, ஒன்னைப் பெத்த நாலாவது வருசம், ஒங்க அத்தாவைப் பெத்தவுக என் முதுகுல எண்ணெய் தேச்சப்ப மேட்டைப் பாத்துட்டு, இது என்னடின்னு கேட்டாக. மறைச்சுக் கட்டி வச்சாங்கன்னு திருப்பி அனுப்பிருவாகளோன்னு பயந்து, பிள்ளையைத் தூக்கித் தூக்கி இப்படி ஆச்சு மாமின்னு சொன்னேன். நீ அப்ப பக்கத்துலதான் ஒக்காந்திருந்தே. ஊரு சொன்ன சொல்லுன்னு நீ நெனச்சுக்கிட்டிருப்பே. மொதல்ல சொன்னது நான். பெறகு அவுக வாய்க்கு வாய் அதையே சொல்லி ஒன்னை நொண்டிப்பயன்னு ஏசினப்பவும் நான் வாயைத் தெறக்கலை. நீ ஓடியாடி நடந்த பெறகும் என்னைக் கண்டா ஒதுங்கி ஒதுங்கி நிப்பே, தூக்கச் சொல்லிக் கையை நீட்டவே மாட்டே. அது ஏன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் இருந்துட்டேன். மாமி மவுத்தாகி மூணு வருசம் ஆச்சு, அப்பவாவது சொல்லியிருக்கலாம். பொறுத்துக்கன்னு இந்தத் தாள்ல கேக்கமாட்டேன், அது நேர்ல கேக்க வேண்டியது. இந்த முதுகு இனிமே நிமிராது, இதுக்காக நீ அங்க ஒரு நாள்கூட இருக்க வேணாம்."

இதைச் சொல்லி முடிக்க அம்மா நான்கு தடவை நிறுத்தினார்கள். மூச்சுக்காக நிறுத்தினார்களா, அழுகைக்காகவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாளை மறுநாள் ஊருக்குப் போகலாம் என்றிருக்கிறார்கள், நாள் முழுவதும் பெல்ட் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இந்த நெஞ்சுக்குச் சளிதான் ஆபத்து என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவுக்கு இது தெரியாது. நான் ஒப்புக்கொண்டபடி எழுதிவிட்டேன், வாசித்துக் காட்டும்போது இந்த இரண்டு வரியை மட்டும் விட்டுவிடுவேன்.

உன் ஈமானும் உடம்பும் உழைப்பும் என்றும் குறைவில்லாமல் இருக்க அம்மாவின் துஆ. ஆபரேஷனுக்கென்று இனி ஒன்றும் அனுப்பாதே, கப்பல் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. வசதிப்பட்டால் ஒரு தடவை வந்து போ என்று எழுதியிருந்தேன், வாசித்துக் காட்டியதும் அம்மா "வசதிப்பட்டால்" என்பதையும் "ஒரு தடவை" என்பதையும் அடிக்கச் சொன்னார்கள், "போ" என்பதையும் அடிக்கச் சொன்னார்கள். மிஞ்சிய "வந்து" என்பதைத் திருத்திவிட்டேன், அதனால் வா என்று மட்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா ரம்லத் பீவி
(கீழே அரபு எழுத்தில் இருப்பது அம்மாவே போட்ட கையெழுத்து. கடைசி எழுத்து போடும்போது வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.)