நம்பரை மாற்றாத தங்கைக்கு

இன்று காலை ஓசூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றேன். மெஷினிலிருந்து வந்த தாள் சூடாக இருந்தது. மையும் சூடும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் தங்கச்சி, எனக்கு உன் முகம்தான் வந்தது. அழுத முகம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற முகம்.

அன்றைக்கும் இதே வாடைதான். மத்திகிரியில் நம் தெருமுனை பிரவுசிங் சென்டரில் உன் பெயர் போட்ட பக்கத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். நட்பு தேடும் வெப்சைட் ஒன்றில் எவனோ உன் பெயரில் கணக்கு தொடங்கியிருந்தான். உன் படம், உன் செல் நம்பர், அதற்குக் கீழே வாயால் சொல்லக் கூசும் நான்கு வரி. ஒரு வாரமாக ஏன் முகம் தெரியாத ஆண்கள் உனக்குப் போன் செய்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. சென்டர்காரர் நல்ல எண்ணத்தில், "கம்பெனிக்கு எழுதி இதை அழிச்சிடலாம்மா" என்றார். நீ வேண்டாம் என்றாய். "மொத அச்சடிங்கண்ணே. அழிச்சிட்டா நாளைக்கு எதக் காட்டிப் பேசுறது?"

படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உன் தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று எடுத்த குரூப் போட்டோ அது. உன் தோளுக்குப் பின்னால் மெஷினில் கட்டிய வாழைக்கன்றின் இலை பாதி தெரிந்தது. மற்றவர்களையெல்லாம் வெட்டிவிட்டு உன்னை மட்டும் வைத்திருந்தான். அப்படியானால் வெளியாள் இல்லை. உன்னோடு பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றவன்.

நீ தென்காசியிலிருந்து வந்தவள். சிப்காட்டில் கைக்கடிகார உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை உன் வேலை. நான் லேத்தில் நின்று ஓய்வு பெற்றவன், உன் பக்கத்து வீட்டுக்காரன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. யூனியன் வேலைக்காக அகராதியை வைத்துக்கொண்டு சட்டப் புத்தகம் படித்துப் பழகியவன். அந்தத் தைரியத்தில்தான் உன்னை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

சப் இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி நம்பரைப் பார்த்தார். "இது கர்நாடகா நம்பருங்களே. அத்திப்பள்ளி ஸ்டேஷனுக்குப் போங்க."

நம் பக்கத்தில் வாழாதவர்களுக்கு இது விளங்காது. மத்திகிரியில் வீட்டுக்குள் இருந்தாலே செல்போன் சில நேரம் கர்நாடகா டவரைப் பிடித்துவிடும், ரோமிங் காசு ஏறும். அதனால் பாதி பேர் அத்திப்பள்ளிக்குப் போய் அந்தப் பக்கத்து சிம்மையும் வாங்கி வைத்திருந்தோம். நீயும் அப்படித்தான் வாங்கினாய். அது உன் வழக்கையே எல்லை தாண்டி அனுப்பும் என்று யாருக்குத் தெரியும்?

நான் ஐ.டி. சட்டத்தின் அறுபத்தேழாம் பிரிவைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பெரியவரே, நல்லாப் படிச்சிருக்கீங்க. ஆனா நம்பரை மாத்துனா முடிஞ்சிபோற விசயம். ஏம்மா, நான் சொல்றது சரிதானே?"

"நம்பர மாத்திரலாம் சார். மூஞ்சிய எங்க போயி மாத்துறது?"

அவர் தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். புகாரை வாங்கவில்லை.

அத்திப்பள்ளியிலும் வாங்கவில்லை. "நீவு இரோது ஹொசூரு. அல்லே ஹோகி கொடி" என்று, நீங்கள் இருப்பது ஓசூர்தானே, அங்கேயே கொடுங்கள் என்று கையைக் காட்டினார்கள். திரும்பும் பஸ்ஸில் நான் இரண்டு ஸ்டேஷனையும் திட்டிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அண்ணே, பேசாம எல்லையில, ஜூஜூவாடி செக்போஸ்ட்ல போயி நின்னுக்கிடுவோமா? ஒரு கால் அங்கன, ஒரு கால் இங்கன. எவனாவது ஒருத்தன் கேஸ் போட்டுத்தான ஆவணும்." முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

உனக்கு அப்போது சிரிக்க ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஊரிலிருந்து உன் அண்ணன் தினமும் போன் செய்தான். "வேலைய விட்டுட்டு வா. நெருப்பில்லாமயா புகையுது?" என்று கூடப்பிறந்தவனே கேட்டுவிட்டான். அன்று நீ முடிவு செய்தாய்: அந்த வெப்சைட் பக்கம் பொய் என்று அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் வாங்கி அவன் கையில் கொடுக்கிற வரைக்கும் ஓசூரை விட்டு நகர்வதில்லை.

மறுபடி ஸ்டேஷனுக்குப் போனபோது ஒரு தலைமைக் காவலர் நம்மை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். "ஐயா, இந்தச் சட்டத்துல விசாரிக்கிற அதிகாரம் டி.எஸ்.பி.க்குத்தான். எங்க எஸ்.ஐ.யைத் திட்டி என்ன பிரயோசனம்? ஸ்டேஷன்ல வாங்கலைன்னா கிருஷ்ணகிரிக்கு, எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போடுங்க. அதுவும் சட்டத்துல இருக்குது. நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க." புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் புரட்டாமலே விட்டிருந்தேன்.

மனுவில் நீ சொன்ன ஒரு வரியை அப்படியே எழுதினோம்: "எங்கே உட்கார்ந்து செய்தான் என்பது எங்களுக்குத் தெரியாது; தீங்கு வந்து விழுந்தது மத்திகிரியில்." குற்றத்தின் விளைவு எங்கே நேர்ந்ததோ அங்கேயும் விசாரிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வதைப் பிறகு ஒரு வக்கீல் காட்டினார். நீ அதைப் படிக்காமலே சொல்லியிருந்தாய்.

வழக்குப் பதிவானது. ஆபாசத்தை வெளியிட்டது, பேர் கெடுக்கப் பொய்யாவணம் செய்தது, பெண்ணின் மானத்துக்கு ஊறு செய்தது என்று மூன்று பிரிவு. வெப்சைட் கம்பெனியிடமிருந்து பதில் வர மாதக்கணக்கில் ஆனது. வந்தபோது, அந்தப் பக்கம் எந்த இணைப்பிலிருந்து ஏற்றப்பட்டது என்று தெரிந்தது. அத்திப்பள்ளியும் இல்லை, பெங்களூரும் இல்லை. ஓசூரிலேயே ஒரு வீடு. நீ கழித்துப்போட்ட சரக்குக்காக மேலிடத்தில் திட்டு வாங்கிய லைன் சூப்பர்வைசர் வீடு. நம்மை எல்லைக்கு அந்தப் பக்கம் விரட்டிய நாளில் அவன் கூப்பிடு தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பான்.

குற்றப்பத்திரிகை வந்தது. சாட்சி விசாரணை தொடங்குமுன் நீ போய்விட்டாய். சிறுநீரகம் உன்னைக் கொண்டுபோனது. இதை நான் அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் நீ அவமானத்தில் செத்தாய் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். டயாலிசிஸ் ஊசி குத்திய கையோடு, "அடுத்த வாய்தா என்னைக்குண்ணே?" என்று கேட்டவள் நீ. அவமானத்தில் சாகிறவள் வாய்தா கேட்க மாட்டாள்.

நீ போன பிறகு சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இனி இன்ஸ்பெக்டரே விசாரிக்கலாம். அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவதற்கும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் தனித்தனிப் பிரிவு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது, இவ்வளவு தாமதமாக வந்ததற்கு. லாட்டரி விழுந்ததாக ஈமெயில் வந்து ஏமாந்தவர், போன் வந்ததும் ஏ.டி.எம். ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டவர் என்று யார் யாரோ இப்போது என் வீட்டுக்கு வருகிறார்கள். தண்டனைக்குப் போலீஸ், இழப்பீட்டுக்குச் சென்னையில் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் தனி மனு என்று வழி சொல்கிறேன். எல்லோரும் முதல் வேலையாக மெசேஜை அழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். உன்னை நினைத்துக்கொண்டு திட்டுகிறேன்.

போன வாரம் அந்த சூப்பர்வைசரின் சித்தப்பா வந்தார். மத்தூர்ப் பக்கத்து ஆள், எனக்குத் தூரத்துச் சொந்தம் என்று முறை சொல்லிக்கொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார். "மாமா, அந்தப் பொண்ணே போயிடுச்சி. இனிமே யாருக்காக அலையறீங்க? சாட்சிக் கூண்டுல மறந்துபோச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வயசாயிடுச்சி, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"வயசானது எனக்குத்தாங்க. கேசு சர்க்கார் கேசு, அவ செத்தா அது சாகாது. பழத்தை எடுத்துக்குங்க, எங்க வீட்ல சர்க்கரை."

"கோர்ட்ல அசிங்கமாக் கேப்பாங்க மாமா. அந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரன்னு சொல்றேன். அச்சடிக்கும்போது கூட நின்னவன்னு சொல்றேன்."

அவர் பழத்தை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை சாட்சி சொல்ல என் முறை. அவர்கள் வக்கீல் என்னைக் குடைவார். படிக்காதவனுக்கு இன்டர்நெட் என்ன தெரியும் என்பார். தெரியாதுதான். அந்தத் தாளில் இருந்த பெண் எனக்குத் தெரியும், அதில் எழுதியிருந்தது அவள் இல்லை என்பதும் தெரியும். இவ்வளவைச் சொல்ல எனக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். தீர்ப்பு எப்போது வரும், எப்படி வரும் என்று சொல்ல முடியாது. தோற்றால் மேல்முறையீடு செய்யச் சொல்லி அரசு வக்கீல் வாசலில் நிற்பேன். ஜெயித்தால் நகல் வாங்கிக்கொண்டு நானே தென்காசிக்கு பஸ் ஏறுவேன். தபாலில் அனுப்ப மாட்டேன். உன் அண்ணனை எதிரே உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவன் வாயாலேயே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.