அந்த ஒரு கரண்டி பஞ்சாமிர்தம்

இந்த வீட்டில் கூடியிருக்கும் உறவினரே, டத்தோ கிராமாட் வட்டாரத்து அண்டை வீட்டாரே! மேடைதோறும் பிறர்மேல் குற்றம் சாட்டியே பழகியவன் நான். இன்று என் குற்றச்சாட்டு நம் அனைவர்மீதும், முதலில் என்மீது. அன்பென்று சொல்லி நாம் ஊட்டும் ஒரு வாய், நோயாளியின் நாள்களைப் பறிக்கிறது. இதை மாலையிட்ட படமாய் எதிரே இருப்பவனிடம் சொல்வதே முறை. சற்றுமுன் அவனுக்கு எழுதிய மடலை வாசிக்கிறேன், கேளுங்கள்.

தோழா, நீ மறைந்து ஓராண்டு. வாழைப்பழமும் வெல்லமும் ஏலமும் கலந்த மணம் கூடத்தை நிறைத்திருக்கிறது. மற்றவர்க்கு அது இனிய மணம். எனக்கோ அது என் குற்றத்தின் மணம்.

உன் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஊசியால் எடுத்துச் சோதித்தவர்கள் புற்று என்றார்கள். அது கழுத்தில் பிறந்ததன்று, வேறெங்கோ பிறந்து அங்கே வந்து தங்கியது என்றார்கள். பிறந்த இடம் மட்டும் பிடிபடவில்லை. நான் நடுங்கினேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைச் சோதித்தே தலை நரைத்த நீ நடுங்கவில்லை. "கெட்ட சிப்பைத் தூக்கிப் போட்டா முடிஞ்சிருமா? எந்த மெஷின்ல கெட்டுச்சுன்னு தேடணும்லா. அதைத்தான் இவங்களும் தேடுறாங்க" என்றாய்.

தேடும் முறையைத் தாதி விளக்கினாள். கதிர்வீசும் சர்க்கரையை நரம்பில் ஏற்றுவார்கள். புற்று அதை மிகுதியாக உண்ணும். உண்ட இடம் படத்தில் ஒளிரும். அதனால் ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. ஊசிக்குப் பின் பேசவும் கூடாது. பேசினால் தொண்டைத் தசையும் ஒளிர்ந்து குழப்பும். நீ அவளிடம் என்னைக் காட்டிச் சிரித்தாய்: "நல்ல வேளை, ஸ்கேன் இவனுக்கு இல்ல மிஸ்ஸி. இவன் ஒரு மணி நேரம் வாயை மூடினா, அதுக்கே தனியா ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

அத்தனையும் கேட்டவன் நான். கேட்டும், ஸ்கேன் நாளான மறுநாள் காலை கோயிலில் உன் பெயருக்கு அருச்சனை செய்து, பஞ்சாமிர்தத்தோடு உன் வாசலில் நின்றேன்.

"சாப்பிடக் கூடாதுன்னாங்களேடா."

"இது சாப்பாடா? சாமி பிரசாதம்டா. ஒரு கரண்டிதான்."

கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினாய். உனக்கோ இனிப்புநீர் நோய், ஒரு கரண்டிக்கே இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். மருத்துவமனையில் விரல்நுனியில் குத்திப் பார்த்த தாதி, "என்ன சாப்பிட்டீங்க அங்கிள்?" என்றாள். நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "சாமி கொடுத்தாரு" என்றாய். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்கேனுக்கு அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

அன்று எடுத்த படத்தில் உன் நாக்கின் அடியில் பயறளவு ஒளி. அதுதான் பிறப்பிடம். வைத்தியம் தொடங்கியது, அதற்குள் கழுத்துக் கட்டி கல்லாகியிருந்தது. அந்த மூன்று வாரம்தான் உன்னைக் கொண்டுபோயிற்றா? "அப்படிச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் ஓராண்டாக நான் உறங்காமல் கிடக்கிறேன்.

தோழா, சென்ற மாதம் உன் மனைவி சாந்தியின் கழுத்திலும் ஒரு கட்டி. அதுவும் வேறிடத்திலிருந்து வந்த புற்றுதான். பிறந்த இடம் தெரியவில்லை. இன்று பதினொரு மணிக்கு அவளுக்கு அதே ஸ்கேன். சற்றுமுன் சமையலறையில் அவள் சொன்னாள்: "அவருக்குப் படைச்சதை நான் வாயில வைக்காம எப்படிண்ணே போறது? அடுத்த மாசம் டேட் கேட்டுக்கலாம்." பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்துகொண்டார்: "ஒரு வாய்தானேலா, என்ன ஆயிடப் போவுது?"

என் சொற்களையே என் காதில் கேட்டேன். ஆயிரம் பேர் முன் தடுமாறாத நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் எழுதினேன். நீ எனக்கென விட்டுச் சென்றது அந்தக் கரண்டி ஒன்றுதான். இன்னொருத்தியின் வாயருகே அதைப் போகவிட மாட்டேன்.

மடல் முடிந்தது. உறவினரே, வழி விடுங்கள். அவள் திரும்பும்வரை இந்த வீட்டில் ஒருவரும் இலையில் கை வைக்க வேண்டாம். அவளோடு நாமும் பசித்திருப்போம். சாந்தி, கையிலிருக்கும் பஞ்சாமிர்தக் கிண்ணத்தைக் கீழே வை. மணி ஒன்பதரை. வண்டி வாசலில் நிற்கிறது. எழு தங்கையே, இப்போதே ஏறு!